ஃபேக்டரி ஜன்னலில் வந்த ஓடிபி

தங்கவேலு இறந்த செய்தி என் மகள் மூலமாகத்தான் எனக்கு வந்தது. அவள் கோயம்புத்தூரில் நர்ஸ். வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருபவர் தங்கவேலுதான். இந்த வருடம் எப்போது போடலாம் மாமா என்று அவள் அனுப்பிய செய்திக்கு, மாமா காலையில் போய்விட்டார் என்று அவருடைய மனைவி பதில் அனுப்பியிருந்தார். மகள் போனில் அழுதாள். எனக்கு முதலில் தோன்றியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் எப்படிப் போவார் என்றுதான் நினைத்தேன்.

கட்டபெட்டில் அவர் வீட்டுக்கு வந்திருந்த கூட்டத்தைப் பார்த்தேன். பாதிப் பேருடைய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். மீதிப் பேர் தங்கள் பாஸ்வேர்டை மறந்துபோய் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அந்த இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவன் நான்.

கட்டபெட்டுக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் அவர் ஆபீஸ் கிளார்க், நான் ஃபேக்டரியில் டீ மேக்கர். இலையைத் தூளாக்குவது என் வேலை, தூளைக் கணக்காக்குவது அவர் வேலை. எங்களுக்குள் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. டீ எஸ்டேட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் காப்பி குடிக்கிற மனிதரை ஒரு டீ மேக்கர் எப்படிப் பொறுத்துக்கொள்வான்? ஒருநாள் கேட்டே விட்டேன். "டீ வெலை உளுந்ததுக்கு நா குடிக்காததுதான் காரணமுங்களா?" என்று திருப்பிக் கேட்டார். கிலோவுக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணாத வருடங்கள் அவை. ஆளாளுக்குப் பக்கத் தொழில் ஒன்று தேடிக்கொண்டிருந்தோம். தங்கவேலு பேக்கரிக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்.

வாத்தியார்கள், பேங்க்காரர்கள், தெப்பக்காட்டிலிருந்து ஒரு ஃபாரஸ்டர் என்று எல்லாரும் அங்கே வருவார்கள். மழைக்காலத்தில் கட்டபெட்டு இன்டர்நெட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை பொறுமை கெட்டு மேஜையில் தட்டினேன். "சுத்தட்டுமுங்க. உங்க ரோலிங் மெஷின் சுத்தறப்ப நா வந்து தட்டுனனா?" என்றார். அதற்குப் பிறகு அந்த மேஜையை நான் தொட்டதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்கமாட்டார். சொந்த வீட்டில் குடியிருக்கும் ஒருவர், வாடகை கொடுப்பதாகக் காட்டி வரியைக் குறைக்கச் சொன்னார். வீடு யார் பேரில் என்று தங்கவேலு கேட்டார். சம்சாரம் பேரில் என்றார் அவர். சரி, அப்படியானால் உங்கள் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த வாடகை வருமானத்துக்கு அவர்களுக்கும் ஒரு ரிட்டர்ன் போட்டுவிடலாம் என்றார் தங்கவேலு. வந்தவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார். "மறைக்கறவனுக்கும் நோட்டீசுதான், தெரியாதவனுக்கும் நோட்டீசுதான். கவரு ஒரே கவருதானுங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

நான் தெரியாதவன் வகை. சம்பளத்திலேயே வரி பிடித்துவிட்டார்களே, இன்னும் என்ன ரிட்டர்ன் என்று ஆயுசு முழுக்க இருந்துவிட்டேன். பிறகு ஃபேக்டரியை மூடினார்கள். அதே வருடம் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. பேங்க்கில் கல்விக் கடன் கேட்டால், அப்பாவின் ரிட்டர்ன் எங்கே என்றார்கள். பணம் கட்டக் காலேஜ் கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை. அது தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தங்கவேலுவை அப்போது குன்னூர் ஹெட் ஆபீஸுக்கு மாற்றியிருந்தார்கள். நான் அவரிடம் ஓடியதும் லீவு போட்டுவிட்டு வந்து ரிட்டர்னைப் போட்டார். கடைசியில் சரிபார்ப்பதற்கு ஆதாரில் உள்ள மொபைலுக்கு ஓடிபி போகும் என்று இணையதளம் சொன்னது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. எஸ்டேட்டில் ஆதார் எடுக்க வந்தபோது தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது. சிக்னல் வருகிற ஒரே இடம் ஃபேக்டரியில் கொழுந்து நிறுக்கும் அறையின் ஜன்னல். அங்கே ஆணியில் கம்பெனி போன் ஒன்று தொங்கும். எல்லாருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று தங்கவேலு அந்த நம்பரையே மொத்த எஸ்டேட்டுக்கும் எழுதிக்கொடுத்துவிட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், யாருக்கு காஸ் பதிவாகியிருக்கிறது, யாருக்கு பேங்க்கில் பணம் ஏறியிருக்கிறது என்று வாட்ச்மேன் ராமையா உரக்கப் படிப்பார். யாருடைய பேங்க் கணக்கும் யாருக்கும் ரகசியமில்லை. இப்போது அந்த போன் பூட்டிய ஃபேக்டரிக்குள், ராமையா சார்ஜ் ஏற்றி வைக்க, அதே ஆணியில் இருந்தது. நம்பரை மாற்ற ஊட்டிக்குப் போனாலும் சரி, ஓடிபிக்குப் பதில் ரிட்டர்ன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பினாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது. என் மகளின் படிப்பை ஓர் ஆணியில் மாட்டிவிட்டீரே என்று அவரைக் கண்டபடி பேசினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேசி முடித்தாயிற்றென்றால் ஃபேக்டரிக்குப் போகலாம் என்றார்.

கேட்டில் ராமையா நின்றார். இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். சொல் மாறாத மனிதர். "தொரை கண்டிப்பா சொல்லியிருக்காருங்க கிளாக்கரய்யா. உள்ளுக்கு ஆள் வரக்கூடாது, வெளிய ஒரு சாமான் போகக்கூடாது. என் வேலை போயிரும்."

தங்கவேலு கொஞ்சம் யோசித்தார். "சத்தம் சாமானுங்களா ராமையா?"

ராமையாவும் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஜன்னல் கதவைத் திறந்தார்.

கேட்டுக்கு வெளியே பாலத்துக் கட்டையில் லேப்டாப்பை வைத்தோம். நான் குடை பிடித்தேன். சிக்னல் எட்டட்டும் என்று நெட் குச்சியைக் குடைக்கம்பியின் உச்சியில் கட்டினார். பொத்தானை அமுக்கியதும் உள்ளே போன் கத்தியது. ராமையா பெரட்டுக் குரலில் ஒவ்வோர் எண்ணாகக் கூவினார். எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். தங்கவேலு தட்டினார். தவறான எண் என்றது திரை. இன்னொரு முறை தட்டினார். அதையே சொன்னது. அப்போது கீழே லைனிலிருந்து ஒரு பெண் குரல், "அது எங்க காஸ் நம்பரு" என்று கூவியது. பக்கத்து வீட்டுப் பையன் டவுனில் அவர்களுக்கு காஸ் பதிவு செய்துகொண்டிருந்தானாம். இரண்டு செய்தியும் ஒன்றாக வந்திருக்கிறது, ராமையா மேலே இருந்ததைப் படித்திருக்கிறார். பெயர் பார்த்துப் படிக்கும்படி சொல்ல தங்கவேலு வாயைத் திறந்தார். அவருடைய குரல் மேஜைக்கு அந்தப் பக்கமே போகாது, ஜன்னலுக்கு எங்கே போவது? நான்தான் கத்தினேன். ராமையா அடுத்த செய்தியைக் கூவினார். திரை பச்சையானது.

நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். தங்கவேலு என் கையிலிருந்து குடையை வாங்கி, லேப்டாப் நனைகிறது என்றார்.

கடன் வந்தது, மகள் படித்தாள். கொஞ்ச நாளில் தங்கவேலு ஹெட் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டார். ரிட்டர்ன் வேலையே நன்றாக ஓடுகிறது, அதனால் தானாக விட்டுவிட்டேன் என்றார். உம்முடைய காப்பியை அவர்களாலும் சகிக்க முடியவில்லையாக்கும் என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ராமையா என்னுடன் நடந்து வந்தார். இன்னும் அதே வாட்ச்மேன் வேலைதான். பூட்டிய ஃபேக்டரியிலிருந்து எண்களைக் கூவியது அந்த வாரமே மேனேஜர் துரையின் காதுக்குப் போய்விட்டதாம். மலை முழுக்கக் கேட்ட சத்தம் குன்னூருக்குப் போகாமல் இருக்குமா? ராமையாவைத் தங்கவேலு இருந்த அதே ஹெட் ஆபீஸுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன் பக்கம் போய்ப் படித்தது யார் என்று துரை கேட்டிருக்கிறார். ராமையா வாயைத் திறப்பதற்குள் தங்கவேலு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார்.

"'நாந்தான் உள்ள போய்ப் படிச்சனுங்க'ன்னாரு ஐயா. அவரு கொரலு தொரைக்குக் கேக்கல. என்னதுன்னு கேட்டாரு. கிளாக்கரய்யா திரும்பவும் சொன்னாரு. அன்னிக்கே அவருக்குச் சீட்டுக் கிழிச்சிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அவரை அறிந்த உங்களிடம் அவருடைய நேர்மையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரார் வருமானத்தில் ஒரு ரூபாய்கூடப் பொய்யாக எழுத மறுத்தவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் சொன்ன அந்த ஒரு பொய்யைத்தான். அதையும் பாவம், அவரை இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டார்கள்.