வாசலுக்கு வெளியே இல்போவின் பூட்ஸ்

பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரிலும் இல்போ கார்வோனன் தன் பூட்ஸை வாசலுக்கு வெளியேதான் கழற்றுவார். சைக்கிளைப் பனிக்குவியலில் சாய்த்துவிட்டு, படியில் ஒற்றைக்காலில் தள்ளாடியபடி ஒன்றை உருவி, பிறகு மற்றதையும் உருவி, இரண்டையும் சுவரோரம் வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு பனியை மிதித்து உள்ளே வருவார். வடகோடிக் குளிர் ஊரான எங்கள் ஔலு நகரத்தில் எல்லோரும் கதவுக்கு உட்பக்கம் கழற்றுகிறவர்கள். ஏன் வெளியே என்று கேட்டால், "அதுக்கு உள்ள சூடு ஒத்துக்காதுங்க" என்பார், ஏதோ வயசான குதிரையைப் பற்றிச் சொல்வதுபோல.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். ஒல்லியான ஆள், நீண்ட கழுத்து, பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தன் குரலையே சரிபார்த்துக்கொள்வார். காரில் போனால் எஞ்சின் சத்தம் காதை மழுக்கிவிடும் என்று குளிர்காலம் முழுக்க ஆற்றோரப் பாதையில் சைக்கிள்தான். அதற்கென்றே வாங்கியவை அந்த பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் ஏறும் கறுப்பு ஜோடி, பெடலைக் கவ்விக்கொள்ள அடியில் ஓர் இரும்புத் துண்டு. ஊரில் பாதிப் பேர் பனியில் சைக்கிள் விடுகிறவர்கள் என்றாலும், நடக்கும்போது கடக் கடக்கென்று சத்தம் போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுப் பியானோவுக்கு அவரையே கூப்பிடுகிற எங்கள் பாடகர் குழுவில் அவரைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. எந்த வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். வேலை முடிந்ததும் கருவிப் பையை மூடி, காசை வாங்கிக்கொண்டு, ஓட்டமாக வெளியேறிவிடுவார். இங்கே ஒருவர் வீட்டுக் காபியை வேண்டாம் என்பது அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி. கச்சேரி மண்டபத்துப் பெரிய பியானோவைத் தொட்ட கை, நம் சமையலறை மேசைக்கு இறங்கி வருமா என்று பலர் பேசிக்கொண்டார்கள்.

எல்லோரையும்விட அதிகம் புண்பட்டவள் கெர்ட்டு. என் பக்கத்து வீட்டுக்காரி; எங்கள் குழுவுக்குப் பியானோ வாசிக்கிறவள். இல்போ வரும் நாளில் ஏலக்காய் பன் சுட்டு வைப்பாள். அவரோ சுருதி சேர்த்து முடித்ததும், "ஏதாவது கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்பார். அவள் வாசிக்க, கதவுப் பிடியில் ஒரு கையை வைத்தபடியே நின்று கேட்பார். கண்களை மூடிக்கூடக் கேட்பார். வாசித்து முடித்து அவள் திரும்பும்போது ஆள் இருக்க மாட்டார். வெளியே, உறைந்த பூட்ஸுக்குள் காலைத் திணிக்கும் முனகல் மட்டும் கேட்கும். ஜனவரியில் கெர்ட்டு என்னிடம் சொல்லிவிட்டாள், இதுதான் கடைசித் தடவை, அடுத்த வருடம் காரில் வருகிற வேறொரு ஆளைக் கூப்பிடப் போகிறேன் என்று. அவள் கைவிட்டால் குழுவில் மற்றவர்களும் கைவிடுவார்கள்.

அந்தக் கடைசித் தடவை நானும் அவள் சமையலறையில் இருந்தேன். இல்போ கூடத்தில் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கெர்ட்டுவின் நாய் நாப்பி, கால் குட்டையான பழுப்பு ஜீவன், வெளியே போய்விட்டு வந்தது. கதவைத் திறந்துவிட்ட கெர்ட்டு அதன் வாயைக் கவனிக்கவில்லை. அது நேரே குளியலறைக்குள் போய்விட்டது. அங்கே தரைக்கு அடியில் வெப்பக் குழாய் ஓடுகிறது.

கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. முதலில் எனக்கு, யாரோ பழைய பாலாடைக்கட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று பட்டது. பிறகு அந்தப் பாலாடைக்கட்டி ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு மீனைத் தூக்கிவந்தன. கெர்ட்டு சாக்கடைதான் அடைத்துக்கொண்டது என்று எழுந்தாள். கூடத்தில் பியானோ நின்றுபோயிற்று. இல்போ சமையலறை வாசலில் வந்து நின்றார்; காது நுனி வரை சிவந்திருந்தது.

"சாக்கடை இல்லைங்க," என்றார். "அது என்னோடது."

குளியலறையில் நாப்பி வெதுவெதுப்பான தரையில் மல்லாந்து, இடது பூட்ஸுக்குள் முகத்தை முழுக்க நுழைத்துப் படுத்திருந்தது. வாலை மட்டும் ஆட்டியது. கெர்ட்டு அதைப் பிடுங்கினாள், நாய் விடவில்லை. நான் நாயைப் பிடிக்க, அவள் பூட்ஸைப் பிடிக்க, நடுவில் இல்போ மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பூட்ஸ் வீட்டுக்குள் சூடேறினால் இப்படி ஆகும். காலுறையும் அதே ரகம். வேலை முடியும்வரைதான் தாங்கும்; காபி ஆறுவதற்குள் நாற்றம் விழித்துக்கொள்ளும். அதனால்தான் ஓட்டம். அவர் செய்யாத வைத்தியம் இல்லை. பால்கனியில் இரவெல்லாம் உறைய வைத்தாராம். "கிருமி சாகலைங்க, தூங்குது. கால வச்சா எந்திரிச்சிக்குது." காபித் தூள் கொட்டினாராம், காபி குடித்த பூட்ஸாக நாறியது. பைன் மரத் தார் தடவினாராம். தெருவே தார் பூசிய படகு போல மணத்தது, அடியில் பழைய நாற்றம் அப்படியே. குடியிருப்பின் பொது நீராவிக் குளியல் அறையான சௌனாவில் மேல்படியில் காய வைத்தபோது, சுவருக்குள் எதுவோ செத்துக் கிடக்கிறது என்று குழாய் பழுது பார்ப்பவரை வரவழைத்துவிட்டார்களாம். அந்த மனிதர் சுவரில் துளை போட்டு முடிக்கும் வரை இல்போ வாயைத் திறக்கவில்லையாம்.

கெர்ட்டு சிரிக்காமல் கேட்டாள். பிறகு பூட்ஸை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை இழுத்தாள்.

"என் பசங்க ரெண்டு பேரும் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பருங்க," என்றாள். "அவங்க கையுறைக்கு முன்னாடி இது ரோஜாப்பூ. உள்ள இருக்கிற அட்டைய எப்பக் கழட்டுனீங்க?"

"அது கழலுமா?" என்றார் இல்போ.

அவள் இரண்டு விரல்களை விட்டு இழுத்தாள். உள்ளங்கால் அட்டை, பிசின் பிரிவது போன்ற சத்தத்தோடு வந்தது. அதன் மேல் அவர் குளிருக்காக வைத்த பிளாஸ்டிக் ரொட்டிப் பை, அதற்கும் மேல் போன வருடத்து ரொட்டிப் பை. வியர்வை போக வழியில்லாமல் குளிர்காலம் முழுக்க ஊறியிருக்கிறது. அடியில், சுருதி சேர்க்கும்போது சத்தத்தை அடக்கப் பியானோக் கம்பிகளுக்கு இடையே செருகுகிற சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்று. அதைத் தேடாத இடமில்லை என்றார். பூட்ஸை நனைத்தால் கெட்டுப்போகும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிக் கழுவவே இல்லையாம்.

கெர்ட்டு வெளியே நின்ற வலதையும் எடுத்து வந்து, வாளியில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, சோப்பு போட்டு, இரண்டையும் உள்ளே தேய்த்தாள். பிறகு வினிகர் கலந்த நீரில் அலசினாள். அதற்குள் நான் செய்தித்தாளைக் கசக்கி உருண்டை பிடித்தேன். உள்ளே திணித்து, நனைந்ததும் மாற்றவேண்டும். ஹீட்டர்மேல் வைத்தால் பசை விட்டுவிடும், காற்று படுகிற இடத்தில் நின்றாலே போதும் என்றாள். அட்டையைக் குப்பையில் போட்டாள். காலுறையை அவர் கையால் தரவிடாமல் இடுக்கியால் வாங்கிக்கொண்டாள். காலைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள்.

பூட்ஸ் இல்லாமல் எங்கே ஓடுவது? இல்போ வெறுங்காலோடு மேசையில் உட்கார்ந்தார். நான்கு பன் தின்றார். ஐந்தாவதை எடுக்கும்போது, இத்தனை வருடமும் கதவருகே நின்று அதன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்.  கெர்ட்டு எழுந்து போய் வாசித்தாள். அவர் வழக்கமாகக் கேட்பதைவிட அதிகமாகவே வாசித்தாள்.

மாலையில் மூத்த மகனின் பழைய கம்பளி பூட்ஸைக் கொடுத்து அனுப்பினாள். ஒவ்வொன்றும் ஒரு வாளி அளவு. பெடலில் நிற்காமல் வழுக்கியதால், ஆற்றோரம் வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறார். எதிரே வந்தவர்களெல்லாம் பஞ்சரா என்று கேட்டார்களாம். இல்லை, காபி குடித்துவிட்டு வருகிறேன் என்றாராம்.

நாப்பி இரண்டு நாள் குளியலறை வாசலில் படுத்துக்கிடந்தது. சோறு வைத்தால் திரும்பிக்கொண்டது.

தவக்கால நோன்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை குழு முழுக்கக் கெர்ட்டு வீட்டில், அன்றைக்கு வழக்கமான பட்டாணி சூப்புக்குக் கூடினோம். கதவுக்கு உள்ளே எங்கள் காலணிகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. இல்போ கடைசியாக வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். குனிந்து, எங்கள் ஜோடிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நட்ட நடுவில் தன்னுடையதை வைத்தார். பிறகு நிதானமாக இரண்டின் பட்டைகளையும் பிரித்து, பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்து, வாயை எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு அகலமாகத் திறந்துவைத்தார்.