கடலுக்குப் போகிற நாளுக்கு ஒரு குளிசை

என் கணவருக்கு வலிப்பு. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம்தான் எனக்கே தெரியும். எழுவைதீவில் மீன்பிடிக்கிறவனுக்கு வலிப்பு என்று தெரிந்தால் எவனும் வள்ளத்தில் ஏற்றமாட்டான். அதனால் அது எங்கள் இருவரோடும் இருந்தது. நாளுக்கொரு குளிசை போட்டால் வராது.

ஆஸ்பத்திரியில் குளிசை இருந்தால் சும்மா தருவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அரிசிக்கும் சீலைக்குமே தட்டுப்பாடு, குளிசை எங்கே இருக்கும்? "வெளியிலை வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தருவார்கள். வள்ளத்தில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். மருந்துக்கடைக்காரர் துண்டைப் பார்த்துவிட்டு என் சேலையைப் பார்ப்பார். "எத்தினை நாளைக்கு?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் இருக்கிற காசுக்கு எத்தனை நாளோ அத்தனை நாளைக்குத்தான், வேறென்ன?

அந்த எரிச்சலில்தான் எனக்கு ஒரு புத்தி வந்தது. கடலில் விழுந்தால்தானே சாவு, வீட்டில் விழுந்தால் நான் பிடிப்பேன். கடலுக்குப் போகாத ஞாயிறுகளில் குளிசை எதற்கு? அவரிடம் சொன்னேன். "நீர் சொன்னாச் சரி" என்றார். எதற்கும் அப்படித்தான் சொல்லுவார், அதுவும் எனக்கு எரிச்சல். சில ஞாயிறுகள் ஒன்றும் ஆகாமல் போயின. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு பெரிய கிழமை வந்தது. வியாழனில் இருந்து உயிர்த்த ஞாயிறு வரை எங்கள் கரையில் எவரும் வள்ளம் இறக்குவதில்லை. நாலு நாள், நாலு குளிசை மிச்சம். கோயிலில் முழங்காலில் நின்றும் மனம் ஒரு நிலையில் இல்லை. செபத்தை விட்டுவிட்டு அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திங்கள் விடியக் குளிசையைக் கொடுத்துக் கடலுக்கு அனுப்பினேன்.

வெயில் ஏறமுன் வள்ளம் திரும்பிவிட்டது. அவருடைய தம்பி அவரைத் தாங்கி இறக்கினான். நாக்குக் கடிபட்டுத் தாடையெல்லாம் இரத்தம்.

"வலையோடை போகப் பாத்தவர், அண்ணி. காலிலை பிடிச்சு இழுத்தனான்." அவன் அவரை மணலில் இருத்தினான். "இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

நான் சேலைத் தலைப்பால் அவருடைய தாடையைத் துடைத்தேன்.

அதே வள்ளத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளிசையை விட்டீர்களா என்று டொக்டர் கேட்டார். நாலு நாள் என்று நான்தான் சொன்னேன்.

"இதை இடையிலை நிப்பாட்டினாத்தான் இன்னும் மோசமா வரும். ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். கட்டிலில் கிடந்தவர் வீங்கிய நாக்கோடு முந்திக்கொண்டார். "நான்தான் ஐயா. மனுசி தந்தவ, நான் போடேல்லை."

"அந்தப் பிள்ளை கடல் கடந்து போய் வாங்கிக்கொண்டு வர, நீர் எறிஞ்சு விளையாடுறீரோ?" என்று டொக்டர் அவரைப் பிடித்து ஏசினார். அவர் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று கேட்டுக்கொண்டு கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஒருமுறையாவது ஏசியிருக்கலாம். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.