படகுக்குக் கடைசிப் பூச்சு

அவளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் என்றுதான் சொன்னார்கள். படகு கட்டும் பைத்தியம் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் சம்மதித்திருப்பாள், அது வேறு விஷயம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எந்தக் கூத்துக்கும் அசைகிற ஆளில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருவருமாகப் பலகை பலகையாகக் கட்டிய பாய்மரப் படகு அது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு ஸ்டவ் வைக்கலாம். கரையோரமாகவே ஊர் ஊராகப் போகவேண்டும் என்ற ஆசை அவரைவிட அவளுக்குத்தான் அதிகம். எல்லாம் முடிந்து, வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பது மட்டும் பாக்கி. அங்கேதான் வந்தது வினை.

பெயிண்ட் காய்ந்ததும் மனிதர் வாட்ச் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் சொருகிக்கொண்டு படகைச் சுற்றுவார். இங்கே ஒரு தூசி, அங்கே ஒரு பிரஷ் மயிர். உடனே உப்புத்தாள். அடித்ததையெல்லாம் தேய்த்து எடுத்து மறுபடி முதலிலிருந்து! இது கப்பலா கைக்கடிகாரமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டே விட்டார். படகை ஏற்றிப்போக லாரியோடு வந்த அவளுடைய அண்ணன் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிப்போனார். இரண்டு வாரம் கழித்து ஞாயிறன்று வருவேன், அதற்கப்புறம் மழைக்காலம், அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவர் வருவதற்கு முந்தைய ஞாயிறு காலை, தூசி கிளம்பாமல் தரையை நனைத்துவிட்டு ஆரம்பித்தார்கள். அவள் ரோலரால் தடவிக்கொண்டே முன்னால் போக, அவர் பின்னாலேயே பிரஷ் நுனியால் நீவிக்கொண்டு வந்தார். நடுவில் நின்றால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், இருவரும் திரும்பவில்லை. அவளுக்கு மூக்கு அரித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். முடித்துவிட்டு விலகி நின்று பார்த்தால், வெள்ளை வெளேரென்று பளபளக்கிறது! அவளுக்குக் குதிக்கலாம்போல் இருந்தது.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. லென்ஸ்!

இந்த மனுஷன் இன்றைக்கும் கெடுத்துவிடுவார். விறுவிறுவென்று படகின் முன்பக்கம் போனாள். ஈரப் பெயிண்டில் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

"இதோ, குறை ஒண்ணு நானே வச்சுட்டேன். இனிமே தேடாதீங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. காலி டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். லென்ஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"வாட்ச் நின்னுபோனா திரும்ப ஓட வைக்கலாம். இது கடல்ல மூழ்கிட்டா? உள்ள நீ இருப்பியே."

இந்தப் பயத்தையா இத்தனை நாளாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்! அவளுக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியும். உங்களையும் சேர்த்து இழுத்துட்டு வந்துடுவேன்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் உப்புத்தாள் பக்கமே அவர் போகவில்லை.

அண்ணன் வந்தார். முன்பக்கத்து விரல் தடத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். தங்கை முறைத்தாள், மச்சான் மறுபடி லாரியைத் திருப்பி அனுப்பாத வரைக்கும் சரி என்று அவரும் விட்டுவிட்டார்.

கரையோரத் தண்ணீரில் இறக்கினார்கள். படகு ஒருமுறை ஆடியது, இன்னொருமுறை ஆடியது, அப்புறம் நிமிர்ந்து நின்றது. வாட்ச்காரர் மட்டும் உள்ளே ஏறி, குனிந்து, அடித்தளத்தை மூலைக்கு மூலை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அவள் இடுப்பளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வெளியே வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் கைகளை அப்படியே அவளை நோக்கி நீட்டினார்.

"ஏறு, போலாம்."