எதிரிப் படைக்கு நாற்பது பேர்

சினிமாவுக்கு ஆள் பிடித்துத் தரும் தொழிலில் உயிரோடு ஓடுகிறவனைவிடச் செத்துக் கிடக்கிறவனுக்குத்தான் கிராக்கி. கல்யாணச் சமையலுக்கோ அறுப்புக்கோ ஆள் தேடி அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும். ஆந்திர எல்லையில், தமிழ் பேசும் விஜயபுரம் பக்கத்தில் கடலைச் செடி பிடுங்க ஆள் சேர்த்து அனுப்பும் மேஸ்திரியாக இருந்தேன். நாயுடுபேட்டைப் பக்கம் கம்பெனிகள் வந்து இளவட்டங்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சமிருந்த நடுவயதுக்காரர்களை லாரியில் ஏற்றி, பாகாலா பக்கம் எடுத்த ஒரு தெலுங்கு சரித்திரப் படத்துக்குப் போர்வீரர்களாகக் கொண்டுபோனேன்.

கரி

முதல் நாள் காலையில் உடை கொடுப்பவர் நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்தினார். சிவப்பாக இருப்பவர்கள் ராஜா படை, கறுப்பாக இருப்பவர்கள் எதிரிப் படை, பிரித்துக் கொடு என்று என்னிடம் சொன்னார். சிவப்பென்று தேறியவர்கள் மூன்று பேர். ஒருவர் டெய்லர், ஒருவர் ரேஷன் கடைக்காரர், ஒருவர் இரண்டு மாதம் காமாலையில் படுத்து எழுந்தவர். மற்ற முப்பத்தேழு பேருக்கும் கொம்பு வைத்த தொப்பி கொடுத்து, முகத்தில் கரியும் பூசினார்கள். எங்கள் காலனி முனுசாமி கண்ணை மூடிப் பூசிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"கரி வேற எதுக்கு மேஸ்திரி? எங்க மேல நம்பிக்கை இல்லியா?"

சரித்திரத்தில் இல்லாதவர்

ராஜா படையில் கடைசி வரிசையிலாவது உயிரோடு நிற்க வேண்டும் என்பது முனுசாமியின் ஆசை. மகளை நகரியில் கட்டிக் கொடுத்திருந்தார். ராஜா பக்கம் நிற்கப்போவதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லியும் விட்டார். மூன்றாம் நாள் மட்டும் ஆறு முறை செத்த பிறகு, என்னை இழுத்துக்கொண்டு உதவி இயக்குநரிடம் போனார்.

உதவி இயக்குநர் ஐதராபாத்காரர், மரியாதையானவர். உங்களைப் போன்றவர்கள் ராஜா படையில் இருந்ததாகச் சரித்திரத்தில் இல்லை என்று தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். முனுசாமி பதிலுக்குத் தமிழில் கேட்டதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை:

"சரி சார், ராஜா சண்டைக்குப் போவசொல்ல அரிசி மூட்டைய யாரு தூக்கினாங்கோ? அவரேவா?"

எதிரியின் பேச்சு

எதிரிகள் ஓடிவரும்போது யாருக்கும் புரியாத காட்டுப் பாஷையில் கத்த வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. "அந்தாண்ட போய்க்கினே இருடா, கால மெறிச்சிடப் போற" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு ஓடினார்கள். நானும் என் மனைவியும் வீட்டில் பேசுவது அதே பேச்சுதான். அச்சு அசல் காட்டு மனிதர்கள் என்று உதவி இயக்குநர் மெச்சிக்கொண்டார்:

"இதே பாகுந்தி. அச்சம் அடவி மனுஷுல்லா உந்தி."

இருபது அடி

ராஜாவின் தளபதி செத்துப்போகும் காட்சிக்கு ஒப்பாரி வைக்கப் பெண்கள் கேட்டார்கள். எட்டுப் பேரைக் கூட்டிப்போனேன். அதில் முனுசாமியின் மனைவி கன்னியம்மாவும் ஒருவர். காலனியில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவருடையதுதான். தளபதி தங்கக் கவசத்தோடு மேடையில் கிடந்தார். இருபது அடி தள்ளி மண்ணில் எதிரிப் பிணங்கள், அதில் முனுசாமி. எதிரிப் பிணங்களுக்கு அழக் கதையில் ஆள் இல்லை.

கேமரா ஓடியதும் ஏழு பேர் தளபதியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கன்னியம்மா மட்டும் நேரே போய்ப் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "கடலைச் செடி புடுங்கின கையி காஞ்சிக் கெடக்குதே, கால்வா வெட்டின காலு ஓஞ்சிக் கெடக்குதே" என்று ஆரம்பித்தார். ஏழு பேரும் எழுந்து அங்கே போய்விட்டார்கள். முனுசாமி அசையவில்லை, மூடிய கண்ணிலிருந்து நீர் மட்டும் வடிந்தது. நிறம் பார்த்து ஆளைப் பிரித்துக் கொடுத்தவன் நான். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. இயக்குநர் கத்தியதால், தளபதி பக்கம் வரும்படி கன்னியம்மாவைக் கெஞ்சினேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்:

"எங்கூட்டுக்காரு இங்க கெடக்கசொல்ல, ஊரான் ஊட்டு எழவுக்கு இன்னாத்துக்கு மேஸ்திரி அழுவணும்?"

புத்தூர் தியேட்டர்

படம் புத்தூருக்கு வந்தபோது காலனி மொத்தமும் டிராக்டரில் வந்தது. நகரியிலிருந்து சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள். எதிரிப் படை புழுதியில் ஓடிவந்து புழுதியிலேயே செத்தது. ஒருவர் முகமும் தெரியவில்லை. முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு தளபதி செத்தார். அவரைச் சுற்றி யாரோ சிவப்பான பெண்கள் வாயசைத்தார்கள், வந்த குரல் கன்னியம்மாவுடையது. பாஷை தெரியாத யாரோ, அன்று பதிவான அழுகை நன்றாயிருக்கிறதென்று அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். தளபதியின் மோதிரக் கையைக் காட்டும்போது, அது கடலைச் செடி பிடுங்கின கை என்று ஒப்பாரி சொன்னது. எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. குரல் யாருடையது, கை யாருடையது என்று சம்பந்தி அம்மாளுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு முனுசாமி பக்கம் திரும்பினார்:

"உங்களுக்கு வெச்ச ஒப்பாரில அந்த ஆளு எதுக்குண்ணா வந்து படுத்துக்கினாரு?"

அதற்குப் பிறகும் எத்தனையோ படத்துக்கு ஆள் அனுப்பிவிட்டேன்; ராஜா பக்கம் நிற்க எங்கள் காலனியிலிருந்து ஒருவரைக்கூட இன்னும் கேட்கவில்லை, ராஜா பக்கம் செத்தால் அழுவதற்கு மட்டும் அங்கிருந்துதான் கேட்கிறார்கள்.