சுங்கை சிப்புட் தோட்டத்துக்கு நான் அனுப்பிய நாற்பத்திரண்டு விநாடி

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, ஈப்போ வழியாகச் சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கப் போனேன். வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் எங்கே தங்கலாம், எங்கே நல்ல சாப்பாடு என்று எழுதுவேன். இந்த முறை அதெல்லாம் கொஞ்சம்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை இரண்டு வருடத்துக்கு முந்தியது. நான் கோலாலம்பூரில் ஒரு காடி உதிரிபாகக் கடையின் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதால் தோட்டத்தில் எல்லாருக்கும் நான் 'கம்ப்யூட்டர் டேனி'. கைப்பேசி உறைந்துபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மின்கட்டணம் கட்டத் தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அப்போது தோட்டக் குடியிருப்பாளர் குழுவின் தலைவர் ஆறுமுகம் அண்ணன் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு குரல்பதிவு போட்டார். இன்டர்நெட் கேபிள் இழுக்க ஆள் வந்திருக்கிறார்கள், முனீஸ்வரர் கோயில் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு தியாங் நட வேண்டுமாம், பாரத்தில் எல்லா வீட்டுக் கையெழுத்தும் கேட்கிறார்கள், போடலாமா தம்பி என்று. தியாங் என்றால் எங்கள் பக்கத்தில் கம்பம், காடி என்றால் கார், பாரம் என்றால் விண்ணப்பப் படிவம். நான் நெரிசலில் காடிக்குள் உட்கார்ந்திருந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அண்ணே, இன்டர்நெட்டு மேல சேட்டலைட்டுல இருந்து வருது. கேபிளு எல்லாம் பழைய காலத்து போனுக்கு. வானம் தெறந்து இருந்தா போதும். கோயில் எடத்த ஏன் தோண்ட விடறீங்க? கையெழுத்துப் போடாதீங்க" என்று குரல்பதிவாகவே பதில் அனுப்பினேன். நாற்பத்திரண்டு விநாடி. கூரை மேல் டிவித் தட்டு இருக்கிறதே, அதே மாதிரிதான் எல்லாமும் என்று அதுவரை மனதார நம்பியிருந்தேன்.

இந்த வருடம்தான் உண்மை தெரிந்தது. எங்கள் கடையில் இணையம் அறுந்துபோய், சரிசெய்ய ஒருவர் வந்தார். சேட்டலைட் கோளாறா என்று பெரிய மனிதத் தோரணையில் கேட்டேன். ஏணியில் நின்றபடியே சிரித்தார் மனிதர். "அண்ணே, எந்த சேட்டலைட்டு? சாலைக்கு அடியில ஓடற ஒயரத் தோண்டி அறுத்துட்டானுங்க லா" என்றார். தோட்டத்துக்குக் கேபிள் வந்ததா என்று யாரையாவது கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

கேட்காமலே இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு டிக்கெட் போட்டேன். காலை எட்டு மணி ரயில், முப்பத்தாறு வெள்ளி (ரிங்கிட்), ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம். குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கும், மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு எதிரே பழைய நகரில் நடந்தே போய் ஒரு காப்பி குடித்தேன், மூன்று வெள்ளி எண்பது காசு. அங்கிருந்து தோட்டம் முப்பத்து நான்கு கிலோமீட்டர். வாடகைக் காடிக்கு நாற்பத்தெட்டு வெள்ளி ஆனது. கடைசி ஆறு கிலோமீட்டர் செம்பனைக்குள், அதாவது எண்ணெய்ப்பனைத் தோப்புக்குள், போகும் செம்மண் பாதை. அங்கே ஓட்டுநரின் கைப்பேசியில் வரைபடம் அப்படியே நின்றுவிட்டது.

"இங்க லைன் கெடையாதா அண்ணே?" என்றார் அவர்.

"இல்ல" என்றேன்.

ரோஸ்லின் அக்கா என் பெரியப்பா மகள். வயது ஐம்பத்து நான்கு. வாசலில் நின்றிருந்தார். அந்த வீட்டு முன்னால் ஒரு ரம்புத்தான் மரம் இருக்கும், நான்கு காடி நிறுத்தும் அளவு நிழல். இப்போது அடிக்கட்டை மட்டும் இருந்தது.

"மரம் எங்கக்கா?"

"நீதானே தம்பி சொன்ன, வானம் தெறந்து இருக்கணும்னு? ஆள் வெச்சு வெட்டிட்டேன். அப்பவும் லைன் நிக்க மாட்டேங்குது. நம்ம தோட்டத்துக்கு மேல வானமே சரியில்ல போல."

கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தையும் கேட்டேன். அக்காவுக்கு ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை, வீட்டிலிருந்தே தொலைபேசி எடுத்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. இணைய அழைப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. நோயாளிகள் புகார் செய்தார்கள். மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு ஈப்போவுக்கே வந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடமாகக் காலை அஞ்சே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். போக முப்பத்து நான்கு கிலோமீட்டர், வர முப்பத்து நான்கு. அன்று எனக்காக விடுப்பு போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் அதே கேபிளை ஏற்று வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்தே வேலை செய்கிறார்களாம். "அவங்க வானம் நல்லா இருக்கு" என்றார்.

அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாயங்காலம் கோயிலில் எல்லாரும் கூடுவார்கள், மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன்.

இன்டர்நெட் விஷயமாகப் பேச வேண்டும் என்று ஆறுமுகம் அண்ணனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நம்ம தோட்டத்துப் பிள்ளை, கேஎல்லுல பெரிய கம்ப்யூட்டர் இன்ஜினியர், நமக்கு விளக்கம் சொல்ல வந்திருக்காரு" என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். கைதட்டினார்கள். அந்தச் சால்வையோடுதான் பேசினேன். கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

"நான் இன்ஜினியர் இல்ல. கிடங்குல சரக்கு எண்றவன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். நம் கைப்பேசியிலிருந்து டவுனில் இருக்கும் கைப்பேசிக் கோபுரம் வரைக்கும்தான் காற்றில் போகிறது, நடுவில் குன்று இருப்பதால் அதுவும் நமக்குச் சரியாகக் கிடைப்பதில்லை என்றேன். கோபுரத்துக்கு அப்புறம் எல்லாம் கேபிள்தான்: ஈப்போ, கோலாலம்பூர், அப்புறம் கடலுக்கு அடியில் வெளிநாடு. நடுக்கடலில், ஆளில்லாத காட்டில் சேட்டலைட் இணையம் உண்டு, ஆனால் நாம் வாங்கியிருப்பது அதில்லை. நாம் அனுப்புவது முழுசாகப் போவதில்லை, சின்னச் சின்னத் துண்டாகப் போகிறது, ஒவ்வொரு துண்டிலும் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும், வழியில் எந்தப் பாதை காலியோ அதில் போகும் என்றேன்.

"கல்யாணத்துக்கு மூணு காடியில போற மாதிரியா? ஒண்ணு ஹைவேல, ஒண்ணு பழைய ரோட்ல?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"அதேதான்க்கா. மண்டபத்துல போய் வரிசையா உக்காந்துக்கும். ஒரு காடி வரலன்னா திரும்ப அனுப்பச் சொல்லும். ஆனா போன் பேசும்போது காத்திருக்க நேரம் இல்ல. துண்டு விழுந்தா பேச்சு அறுந்துரும்."

ஆறுமுகம் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே தம்பி. நாங்க என்ன ஒன்ன அடிச்சிருக்கவா போறோம்?" என்றார். யாரோ ஒருவர், "அடக் கடவுளே, ரெண்டு வருஷமா அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தோமா லா!" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ரோஸ்லின் அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். அடுப்படியில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மரம் போனா போகட்டும் தம்பி. ஒரு வருஷமா இருட்டுல லாரிங்களுக்கு நடுவுல போறேனே, அத நான் யார்கிட்ட கேக்கறது?"

என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அழுதுவிட்டேன், நாற்பத்தாறு வயதில். அக்கா என்னைத் தேற்றவில்லை. அது சரிதான்.

சனிக்கிழமை காலை ஆறுமுகம் அண்ணன் பழைய பாரத்தை எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு வீடு. அக்காவும் கூட வந்தார். ஒவ்வொரு வாசலிலும், "இது என் தம்பி. தப்பாச் சொல்லிட்டான். கையெழுத்து வாங்க வந்திருக்கான்" என்று அவரே ஆரம்பித்தார். ஐந்தாறு வீட்டுக்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் என்னை முன்னால் தள்ளிவிட்டார். மிச்ச வீடுகளில் நானே சொன்னேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைப் பாதி மட்டும் திறந்து கையெழுத்துப் போட்டார்கள்.

பாரத்தைச் சுங்கை சிப்புட்டில் இருந்த, கேபிள் வேலையைக் குத்தகை எடுத்தவர்களின் அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இந்தப் பாதை வேலை முடிந்து மூடியாகிவிட்டது, மேலே அனுப்பி வைக்கிறேன், அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம், தேதி சொல்ல முடியாது என்றார். அக்கா தலையாட்டிவிட்டு மோட்டாரை எடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஈப்போவில் இருக்கும்போதே வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் காடியையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்துக்குள் நின்று கூப்பிட முடியாது. மழைக்காலத்தில் செம்மண் பாதை வழுக்கும். போய்வர மொத்தம் இருநூறு வெள்ளிக்குள் அடங்கும். அங்கே யாராவது உங்களிடம் ஏதாவது விளக்கம் கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

பாரம் கொடுத்து ஐந்து வாரமாகிறது, இன்னும் பதில் இல்லை. வாரம் ஒருமுறை அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறேன். இதை எழுதி முடிக்கும்போது காலை ஆறு மணி ஆகப்போகிறது, ஈப்போ பக்கம் மழை என்று கைப்பேசி காட்டுகிறது. அக்கா இப்போது சாலையில் இருப்பார்.