எல்வியோ ஊற்றிய ஃப்ரெய்சா

எல்வியோ பொனோமி ஒயின் ஊற்றிக் கொடுத்தால் ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், தொண்டையைத்தான் பார்ப்பார். முகத்தை யார் நம்புவது? “ஆகா, பிரமாதம்” என்று சொல்லிவிட்டு ருசி பார்ப்பவர்களுக்கென்று வைத்த வாளியில் அப்படியே துப்பிவிட்டு அடுத்த மேஜைக்குப் போகிறவர்களை அவர் நிறையப் பார்த்தாயிற்று. தொண்டை ஏறி இறங்கினால்தான் அவருக்குத் திருப்தி. அன்றைக்கு ப்ளிமத் கண்காட்சித் திடல் கொட்டகையில், மதியம் வரை அவர் மேஜைக்கு முன்னால் ஒரு தொண்டைகூட அசையவில்லை.

பெயர் விளங்காத இத்தாலியத் திராட்சைகளுக்கென்றே வருஷா வருஷம் மார்ச்சில் நடக்கிற கூட்டம் அது. கலிஃபோர்னியாவில் எங்கள் அமடோர் மலையடிவாரத்தில் புத்தியுள்ளவன் நன்றாக விலைபோகிற ஜின்ஃபண்டல் திராட்சை போடுவான். தெரால்டெகோ, ரெஃபோஸ்கோ, ஃபியானோ என்று ஆசைப்பட்டுப் போட்டவர்களெல்லாம் இங்கே கூடி, ஒருவர் ஒயினை மற்றவர் புகழ்ந்து, கொஞ்சம் தெம்போடு வீடு திரும்புவார்கள். எல்வியோ போட்டது ஃப்ரெய்சா. பார்க்க இளஞ்சிவப்பாகச் சாதுவாக இருக்கும். வாயில் விட்டால் கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கும்.

அந்தக் கொடிகளின் மேல் அவருக்கு இருந்தது வெறும் ஆசை இல்லை. மனைவி கார்லா செத்துப்போனபிறகு எல்வியோ படுத்த படுக்கையாகக் கிடந்தார். நோய் ஒன்றும் இல்லை, எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கார்லாவின் பாட்டனார் ஊர்ப்பக்கத்துத் திராட்சை என்று யாரோ சொல்லப்போய், சரிவில் சும்மா கிடந்த நிலத்தில் ஃப்ரெய்சா நட ஆரம்பித்தார். நட்டதற்குத் தண்ணீர் விடவேண்டுமே, அதற்காகவாவது எழுந்தார். இப்படித்தான் மனுஷன் பிழைத்தார்.

இது நோர்மாவுக்கும் தெரியும். நோர்மா அவருடைய அக்கா. நிலத்தில் பாதி அவள் பேரில். தம்பிக்காகத்தான் இவ்வளவு காலம் பொறுத்திருந்தாள். ஆனால் கிணறு இறங்கிக்கொண்டே போகிறது. அப்பா வைத்த கிழட்டு ஜின்ஃபண்டல் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்பதில்லை, மழையே போதும் அதற்கு. இந்த ஃப்ரெய்சாவோ கோடை முழுக்கக் கிணற்றை உறிஞ்சுகிறது. யாராலும் வாயில் வைக்கமுடியாத சரக்குக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டாள். கேட்டது நியாயந்தான், எல்வியோவும் அதை மறுக்கவில்லை. திங்கட்கிழமை பொக்லைன் வந்து கொடிகளைப் பிடுங்குவதாக ஏற்பாடு. ஓட்டுகிற ஹாங்கிடம் அவளே பேசி முடித்துவிட்டாள்.

அவள் ருசித்துப் பார்க்காமல் பேசுகிறாள் என்றும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு வசந்தத்திலும் எல்வியோ அவளைக் காலையிலேயே பீப்பாய் அறைக்குக் கூட்டிப்போவார். வாய் சுத்தமாக இருக்கவேண்டும், காபிகூடக் கூடாது என்று கட்டளை போடுவார். ருசி பார்க்கிற ஆட்கள் அப்படித்தான் செய்வார்களாம், அவர்களைப் பார்த்து இவரும் கற்றுக்கொண்டார். அவள் நின்றபடியே ஒரு வாய் வாங்கி, முகத்தை அஷ்டகோணலாக்கி, வடிகாலில் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்திலோ அப்பாவின் ஜின்ஃபண்டலைத் தவிர வேறு புட்டிக்கு இடமே கிடையாது.

மதியம் நோர்மா கொட்டகைக்கு வந்தாள். முட்டிவலி வேறு. மேஜைக்குப் பின்னால் கிடந்த நாற்காலியை இழுத்து, அப்பாடா என்று உட்கார்ந்து, மடியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வறுத்த பன்றி சாசேஜும் குடைமிளகாயும் வைத்த ரொட்டி. தம்பிக்குப் பாதியை நீட்டினாள். எல்வியோ பதறிப்போனார்.

“அக்கா, இங்க வாசனை அடிக்கக்கூடாது. வர்றவங்களுக்கு மூக்கு கெட்டுப்போகும்.”

“உன் ஒயினைக் குடிச்சு நாக்கே கெட்டுப்போச்சு, மூக்கு ஒண்ணுதான் பாக்கி,” என்றாள் நோர்மா.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். வந்தவர்களுக்கு ஊற்றினார், அவர்கள் புகழ்ந்தார்கள், துப்பினார்கள். பின்னால் நோர்மா தின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஹாங் விடியற்காலையிலேயே வந்துவிடுவான், எல்வியோ அங்கே நின்று பார்த்துக் கஷ்டப்படவேண்டாம், பேசாமல் தன் வீட்டுக்கு வந்து இருக்கட்டும் என்றாள். குரலில் கோபம் இல்லை. இவன் திரும்பவும் படுத்துவிடுவானோ என்ற பயந்தான் அவளுக்கு.

எல்வியோ திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வருகிறவர்களுக்கென்று ஊற்றிவைத்திருந்த கிண்ணம் நோர்மாவின் கையில் இருந்தது. ரொட்டி தொண்டையை அடைத்ததோ என்னவோ, கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறாள். ஒரு கடி, ஒரு வாய், மறுபடி ஒரு கடி. சுருக்கம் விழுந்த அந்தக் கழுத்து ஏறி இறங்கியது. பொக்லைன் கதையை அவள் நிறுத்தவே இல்லை. கிண்ணம் காலியானது. எல்வியோ மூச்சுக் காட்டாமல் புட்டியைச் சாய்த்து நிரப்பினார். அதிலும் பாதி போயிற்று. ரொட்டி தீர்ந்து, விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைக்கும்போதுதான் நோர்மா கிண்ணத்தைக் கவனித்தாள்.

“என்னடா இது?”

“ஃப்ரெய்சா.”

அவள் நம்பவில்லை. மீதியை மெதுவாகக் குடித்துப் பார்த்தாள். கொழுப்பெல்லாம் வழித்துக்கொண்டு போனதில் வாய் பளிச்சென்று ஆயிற்று. துவர்ப்பு இருக்கத்தான் செய்தது, ஆனால் இந்தத் தடவை அது வேண்டியிருந்தது.

“நீ இதை எப்போ குடிப்பே?” என்று கேட்டாள்.

“ராத்திரி. சாப்பிடும்போது.”

“வெறும் வயித்துல?”

எல்வியோ யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் செத்துப்போயிற்று. “ஒரு நாளும் இல்லை,” என்றார்.

“நீ மட்டும் சாப்பாட்டோட குடிச்சிட்டு, எனக்குக் காலங்காத்தால காபிகூட குடிக்கவிடாம ஊத்தினியேடா, பாவி! இத்தனை வருஷமா!”

எல்வியோவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. பாவம், எதை அடக்குவதென்று தெரியாமல் புட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நோர்மா கைப்பையைத் துழாவிச் செல்போனை எடுத்தாள்.

“ஹாங், நான் நோர்மா. திங்கக்கிழமை வராதே. அடுத்த வாரமும் வேண்டாம். கொடிக்கு ஒண்ணும் இல்லப்பா, பிடுங்கவேண்டியது என் தம்பி நாக்கைத்தான்.”