அக்கா எந்தக் கூண்டில்?

என் அக்கா வாந்தி எடுத்தால் அவள் புருஷனுக்குச் சந்தோஷம் வருகிறது என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. கண்ணால் பார்த்த எனக்கே நம்ப முடியவில்லை. குளியலறைக்குள் அவள் குடலே வெளியே வந்துவிடும்போலக் குமட்டுகிறாள். வெளியே துண்டோடு நிற்கிற இந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, பரீட்சையில் பாஸான பிள்ளைக்கு வருமே, அது மாதிரி. என்னைப் பார்த்ததும் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அவரை எங்கள் குடும்பத்தில் எலி மாமா என்போம். பார்க்க எலி மாதிரி இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம், ஆள் நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிகளைப் பராமரிக்கிற வேலை. குளித்து, அங்கே கொடுக்கிற உடையை மாட்டிக்கொண்டுதான் எலி அறைக்குள் போக முடியும். வாசனை சோப்பு, பவுடர் எதுவும் ஆகாது, எலிகள் மிரண்டுபோகும். அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து அக்காவுக்கும் வாசனை சோப்பு கிடையாது. கதவை அறைந்து சாத்துவதும் கிடையாது. அக்கா துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். பேன்ட் நீளம் குறைப்பது, பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்: “எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்வாங்கல்ல? எனக்கு வளையும் கிடைச்சுது, கூடவே எலியும் கிடைச்சுது.”

மாமாவின் வேலையில் ஒரு விஷயம் உண்டு. புற்றுக்கட்டி உள்ள எலிகளில் சில கூண்டுகளுக்குப் புது மருந்து போகும், சிலவற்றுக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் திரவம் போகும். எது எதற்கு என்று மாமாவுக்குச் சொல்ல மாட்டார்கள். கூண்டில் வெறும் கலர் அட்டைதான் தொங்கும். ஆனால் தினமும் எடை போட்டுத் தீனி வைக்கிறவருக்குக் கண் சும்மா இருக்குமா? மருந்து போகிற எலிகள் தீனியை மிச்சம் வைக்கும், ரோமம் மங்கி மூலையில் சுருண்டு கிடக்கும். வெறும் திரவம் போகிறவை ஆரம்பத்தில் வயிறாரத் தின்னும் என்று அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு தடவை அதை வாய்விட்டுச் சொல்லி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருவர் ஊகம் மற்றவர்கள் கண்ணையும் கெடுத்துவிடுமாம். அன்றிலிருந்து அதை வீட்டில்தான் கொட்டுவார். “இன்னிக்கு மஞ்சள் அட்டைக்காரங்க சாப்பிடவே இல்ல” என்பார். நாங்களும் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம்.

அப்படிச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் வளர்த்த மருந்து ஒன்று உண்டு. எங்கேயோ ஒரு நோயாளி மூட்டுவலிக்குச் சாப்பிட்ட மாத்திரையில் அவர் வயிற்றுக்கட்டி சுருங்கியதாம். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவரைப் பார்த்த டாக்டர் அந்த ஒரு ஆளின் கதையைக் கட்டுரையாக எழுத, வேறு யாரோ அதைப் படித்துவிட்டு மாத்திரையை மாற்றிச் செய்து பார்க்க, கடைசியில் அது மாமாவின் எலிகளிடம் வந்து சேர்ந்தது. மஞ்சள் அட்டைக்காரர்களுக்குக் கட்டி கரைந்தே போனது. மாமா அன்று எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

சில வருடம் கழித்து அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுக்கட்டி. அறுவை சிகிச்சை முடிந்தும் மறுபடி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், புது மருந்து ஒன்றை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம், சேர விருப்பமா என்று கேட்டார். பெயரைக் கேட்டதும் மாமா நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். அது மஞ்சள் அட்டை மருந்து. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம மருந்து, நம்ம மருந்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் டாக்டர் மீதியைச் சொன்னார். வழக்கமான கீமோ ஊசி எல்லோருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் பிரிக்கும், டாக்டருக்கும் தெரியாது. மாமா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அக்கா சேர்ந்துவிட்டாள். முதல் ஊசியை அவள் உடம்பு நன்றாகவே தாங்கியது. பசித்தது, சாப்பிட்டாள், கடைக்கும் போனாள். நாங்கள் மகிழ்ந்துபோனோம். மாமா மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தார். அவள் தட்டு காலியாவதைப் பார்த்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். பெண்டாட்டி நன்றாகச் சாப்பிட்டால் ஒரு மனுஷனுக்கு ஏன் முகம் விழ வேண்டும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரிடமே கேட்டேன். தலைவலி என்றார்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வாந்தி ஆரம்பித்தது. இவருக்கு உயிர் வந்தது. நாள் போகப் போக அவள் தண்ணீரைக்கூட வெளியே தள்ளினாள். வாந்திக்கு மாத்திரை தருவார்களே, கொடுத்தார்களா என்று கேட்டேன். எல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். எந்த மாத்திரை எதற்கு என்று அக்கா கேட்டதே இல்லை. மருந்து சமாச்சாரம் அவர் துறை என்று விட்டிருந்தாள்.

ஒரு நாள் கடையில் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை, வாந்தி மாத்திரையைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று மாமாவைக் கேட்டார். மாமா சட்டைப் பையில் கையைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

அங்கேயே அவர் குரல்வளையைப் பிடித்திருப்பேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டுத் திட்டவும் வாய் வரவில்லை. கவனித்துக்கொண்டிருக்கும்போது எலிகளுக்கு வேறு எதுவும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் எதனால் எது நடந்தது என்று தெரியாமல் போய்விடும். அதனால்தான் கொடுக்கவில்லை என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “இந்த வாந்தி ஊசியால வருது. ரெண்டு பக்கத்துக்கும் அதே ஊசிதான். இதை வச்சு உங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலயும் முடியாது. உடம்பு தேறலைன்னா அவங்கள ஆய்வுலேர்ந்தே எடுக்க வேண்டி வரும்” என்றார்.

மாமா பேய் அறைந்த மாதிரி நின்றார். எந்தப் பக்கம் என்று பார்க்கப் போய், இரண்டு பக்கமும் இல்லாமல் செய்துவிடுவார் போலிருந்தது.

வார்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலருகே நின்ற மாமாவிடம், சம்பந்தமே இல்லாமல் எலிகளைப் பற்றிக் கேட்டாள்.

“அந்த மஞ்சள் அட்டை எலிங்க, கட்டி கரைஞ்சுதே. அதெல்லாம் இப்ப எங்க?”

மாமா குளுக்கோஸ் பாட்டிலைச் சரிபார்க்கப் போனார். அவள் மறுபடி கேட்டாள்.

“கடைசியில எல்லாத்தையும் முடிச்சிடுவாங்க. உள்ள அறுத்துப் பாக்கணும்ல” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

“குணமானதையுமா?”

“அதையும்தான்.”

இத்தனை வருடச் சாப்பாட்டு மேசையில் இதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டது அதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா ஊசி ஏறாத கையால் அவர் முழங்கையைத் தொட்டாள். “நான் எந்தக் கூண்டுன்னு நீங்க பாக்க வேணாம். நான் வாந்தி எடுத்தா வந்து முதுகைப் பிடிங்க. பசிச்சா சாப்பாடு போடுங்க. அது போதும்.” மாமா அங்கேயே, அடுத்த கட்டில்காரர்கள் பார்க்க, அழுதார். நானும்தான்.

உடம்பு தேறியதும் ஊசியின் அளவைக் குறைத்து, ஆய்விலேயே தொடரலாம் என்றார்கள். ஸ்கேனில் கட்டி வளரவில்லை, சுருங்கவும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டரைக் கேட்டேன். இப்போதைக்கு வளரவில்லை என்று அர்த்தம் என்றார். இதைச் சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் அவரும் எங்களைப் போலக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவர்தான் என்று புரிந்தது. எது மருந்து, எது வெற்று, அக்கா ஏன் தெம்பாக இருக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

வாந்தி மாத்திரையை இப்போது மாமா கேட்காமலே கொடுத்துவிடுகிறார். அதனால் அக்காவுக்கு நன்றாகப் பசிக்கிறது. நேற்று நான் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா எதிரில் உட்கார்ந்து அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியாக ஆக அவர் முகம் பழையபடி சுருங்கியது. வயிறாரத் தின்கிற எலிகள் எந்த அட்டை என்பதை அந்தக் கண்ணால் மறக்க முடியவில்லை. பால்கனிக்கு எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன்.

எழுந்தார். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தோடு வந்து, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று அவளிடம் கேட்டார்.